வீட்ல சரின்னுட்டாங்க

சம்பத்தின் அலுவலக இணையதளம் ஒரு வாரமாக நொண்டிக்கொண்டிருந்தது. "ஒரு பக்கம் தொறக்கறதுக்குள்ள கஸ்டமர் கீழ போயி டீ குடிச்சுட்டு வந்தர்றாங்க மேடம்" என்று அவன் போனில் சொன்னான். அதைப் பார்க்கத்தான் வாசுகி கோவையிலிருந்து ஈரோட்டுக்கு பஸ் ஏறி வந்திருந்தாள்.

நிதித் திட்டமிடும் சிறு அலுவலகங்களுக்கு எந்த மென்பொருளை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று சொல்வதும், அவர்களுக்கு இணையதளம் வடிவமைத்துத் தருவதும் வாசுகியின் தொழில். ஓய்வுக்காலத்துக்கு எப்படி ஒதுக்குவது, பழைய வீட்டை வைத்துக்கொள்வதா விற்பதா, பிள்ளைகள் படிப்புக்கு என்ன வழி என்று ஜனங்கள் யோசனை கேட்டு வரும் இடங்கள் அவை. ஈரோடு, கோவை, கரூர் வட்டாரத்தில் பெரும்பாலான அலுவலகங்கள் அவள் சொன்னதைத்தான் வாங்கின.

இந்த ஊர்களில் எந்தத் திட்டத்தை எடுத்துச் சொன்னாலும் பேச்சு கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும். "வீட்ல கேட்டுட்டு சொல்றனுங்க." கணவன் சொன்னால் வீடு என்பது மனைவி. மனைவி சொன்னால் கணவன். அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. அது மறுப்பா, மறதியா, வீட்டில் பேச்சு நடந்து முடிவாகாமல் கிடக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் துணைக்குரல் என்ற மென்பொருள் வந்தது. முதல் சில சந்திப்புகளில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதை அது கேட்டுக்கொள்ளும். யார் எதற்குத் தயங்குகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறார்கள் என்பதையெல்லாம் வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு குரலை உள்ளே உண்டாக்கிக்கொள்ளும். பிறகு ஒருவர் தனியாக இருக்கும்போது மற்றவர் என்ன சொல்வார் என்று அதனிடமே கேட்டுக்கொள்ளலாம். சோதித்துப் பார்த்தவர்கள், பத்துக்கு ஒன்பது முறை நிஜ ஆளும் அதையேதான் சொன்னார் என்றார்கள்.

வாசுகி அதைத் தேர்ந்தெடுத்தாள். இணையதளத்தில் அதற்கு ஒரு பொத்தானும் வடிவமைத்தாள். 'வீட்ல கேளுங்க' என்று பெயர் வைத்தாள். அழுத்தினால் சற்று நேரம் சுற்றும். பிறகு வெற்றிலை நிறத்தில் ஒரு பச்சை எரியும். கீழே, 'வீட்ல சரின்னுட்டாங்க.'

ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேச வேண்டியதையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி முடித்துக்கொண்டார்கள். சண்டை குறைந்தது. வாசுகியின் வீட்டிலும் அந்தப் பச்சை உண்டு. போன வருடம் அவள் கணவன் வாங்கிய காரை, அது வாசலில் வந்து நின்ற அன்றுதான் அவள் முதலில் பார்த்தாள். வெள்ளை நிறம். தன்னை யாரும் கேட்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

நாம் ஒருவரைக் கேட்பது பதிலுக்காக மட்டும் இல்லை. எதிரில் ஒருவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வதும் அதில் இருக்கிறது. கோயிலில் போய் நின்று கேட்கிறோம். பதில் காதில் விழாது என்று தெரிந்துதான் கேட்கிறோம். அப்படிப்பட்ட ஒரு பழக்கத்தைத்தான் அந்தச் சின்னப் பச்சை விளக்கு மெல்ல எடுத்துக்கொண்டு போனது. எடுத்துப் போனது யாருக்கும் உறைக்கவில்லை.

சம்பத்தின் அலுவலகம் மேட்டூர் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறை, ஒரு சென்னிமலை முருகன் படம், ஒரு தண்ணீர் கேன். வாசுகி கணினியைத் திறந்து எது அதை இப்படி இழுக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். அறுபதைத் தாண்டியவர். செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தார்.

"வாங்கம்மா" என்றான் சம்பத். வாசுகியிடம் தணிந்த குரலில், "சூரம்பட்டி நாச்சிமுத்து சாரோட வீட்டுக்காரம்மா. சிந்தாமணின்னு பேரு. போன மாசம் வீட்ட வித்து, பெருந்துறைல சீனியர் சிட்டிசன் பிளாட் வாங்கிக் குடுத்தோம்" என்றான்.

சிந்தாமணி நின்றபடியே கேட்டார். "ஏங்கண்ணு, என்ற சம்மதம் இங்க இருக்குதாமா. அதைக் கொஞ்சம் பாக்கோணும்."

சம்பத்துக்குப் புரியவில்லை. "எதுங்கம்மா?"

"வீட்ட விக்கறதுக்கு நான் சரின்னு சொன்னேனாமா. கம்ப்யூட்டர்ல பச்சையா வந்துச்சாமா. கிரயம் ஆனப்பறந்தான் அவரு எங்கிட்டச் சொன்னாரு."

"அது வந்துங்கம்மா... வீடு சார் பேர்ல இருந்துச்சு. சட்டப்படி உங்க கையெழுத்து வேண்டியதில்ல. இருந்தாலும் சார் உங்களக் கேட்டாருங்க. பட்டன அமுத்திக் கேட்டாருங்க."

"கேட்டாருன்னுதான் சொல்றாரு. நான் சண்டைக்கு வரல கண்ணு. வித்தது வித்தாச்சு. நான் என்ன சொன்னேன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. தொலைந்துபோன குடையை பஸ் ஆபீசில் விசாரிப்பவர் போலக் கேட்டார். வாசுகி எழுந்து தன் நாற்காலியை அவருக்குத் தள்ளினாள். ஃபேனை அவர் பக்கம் திருப்பினாள். கேனிலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். சிந்தாமணி அண்ணாந்து குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை லாரி வருதுங்க" என்றார் வாசுகியைப் பார்த்து. "எல்லாத்தையும் கட்டியாச்சு. என்ற துணிய மட்டும் தனியா ரெண்டு பையில வச்சிருக்கறேன். லாரி பின்னாடியே பெருந்துறைக்குப் போறதா, இல்ல கரூர்ல மக வீட்டுக்கு பஸ் ஏறிடறதான்னு இன்னும் ரோசனை பண்ணல. நாப்பது வருசம் குடும்பம் பண்ணுன மனுசன், ஒரு வார்த்தை என்னையக் கேக்கலயேன்னு..." அவர் முடிக்கவில்லை. "அழுகையும் வரலீங்க. கட்டையாட்டம் இருக்குது."

"சாருக்குத் தெரியுமுங்களா, நீங்க கரூர் போறதப் பத்தி?" என்றாள் வாசுகி.

"பையப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. கீழதான் நிக்கறாரு, ஸ்கூட்டர்ல. மாத்தரை வாங்கோணும்னு கூட்டிட்டு வந்தேன்."

சம்பத் வாசுகியைத் தனியே கூப்பிட்டான். "மேடம், அது சாரோட கணக்கு. அவரு இல்லாம தொறந்து காட்டுனா நாளைக்குப் பிரச்சனை ஆயிரும்."

"கணக்கு அவரோடதுதான் சம்பத். சம்மதம் இவங்களோடதில்லையா?"

அவன் சிறிது நேரம் முருகன் படத்தைப் பார்த்தான். பிறகு தன் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்துவிட்டு, கீழே போய் மூன்று டீ சொல்லிவிட்டு வந்தான்.

வாசுகி அந்தக் குடும்பத்தின் பக்கத்தைத் திறந்தாள். பச்சை எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் குரல் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அடங்கிவிட வேண்டும். இது அடங்கவில்லை. அவள் கணினியின் ஒலியைக் கூட்டினாள்.

"உங்களுக்குச் சரீன்னா எனக்குச் சரிதானுங்க." சிந்தாமணியின் குரல். அதே இழுப்பு.

"எனக்கென்ன புள்ள. உனக்கு அங்க புடிக்குதான்னு பாரு." அது நாச்சிமுத்துவின் குரல்.

"நான் எங்கியோ இருந்தா என்னங்க. உங்களுக்கு வசதியா இருக்கோணும்."

"என்ற வசதிய உடு. நீ சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

"அட, நீ சொல்லு புள்ள."

சம்பத் சிரித்துவிட்டான். சிந்தாமணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"இது எப்பருந்து பேசுதுங்க?" என்றார் சிந்தாமணி.

வாசுகி தேதியைப் பார்த்தாள். "சார் பட்டன அமுத்துன அன்னைக்கிருந்துங்கம்மா. உங்கள மாதிரி உள்ள இருக்கற குரலக் கேட்டிருக்குது. அது, 'அவரக் கேட்டுட்டு சொல்றேன்'னு சொல்லியிருக்குது. சாரோட குரலும் உள்ளதான இருக்குது, அதனால அதுகிட்டப் போய்க் கேட்டிருக்குது. அது, 'அவளுக்குப் புடிச்சாச் சரி'ன்னு சொல்லிருச்சு. அப்படியே மாத்தி மாத்தி..."

"இன்னும் முடியலீங்களா?"

"முடியலீங்க."

வாசுகி மற்ற குடும்பங்களையும் திறந்து பார்த்தாள். பவானி, கோபி, அந்தியூர். எங்கும் இதே கதைதான். நூற்றுக்கணக்கான கணவன் மனைவிகள் அந்தச் சிறிய இயந்திரத்துக்குள் ராப்பகலாக ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சம்பத்தின் இணையதளம் நொண்டியதற்கு அதுதான் காரணம்.

"அப்ப நான் சரின்னு சொல்லவே இல்லீங்களே" என்றார் சிந்தாமணி.

"வேண்டாம்னும் சொல்லலீங்கம்மா. கொஞ்ச நேரத்துக்குள்ள ரெண்டு பேருல யாரும் வேண்டாம்னு சொல்லலைன்னா, சரின்னு எடுத்துக்கற மாதிரி வச்சிருக்குது."

"வேண்டாம்னு நான் எப்பங்க எதைச் சொல்லியிருக்கறேன்."

இதைக் குறையாகச் சொல்லவில்லை. தன் உயரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, அந்த ஆண் குரலை மறுபடியும் கேட்டார். உனக்குப் புடிக்குதான்னு பாரு. என்ற வசதிய உடு. அவர் முகம் லேசாக இளகியதை வாசுகி கவனித்தாள்.

"இவருக்கும் விக்க மனசில்லாமத்தான் இருந்திருக்குது பாருங்க. எனக்காகன்னு வித்திருக்கறாரு."

வாசுகிக்கு அங்கேயே பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. அந்த அம்மாளுக்கு ஓர் ஆறுதல் கிடைத்திருக்கிறது. அதோடு அவர் லாரியில் ஏறிப் பெருந்துறைக்குப் போய்விடுவார். ஆனால் பொய்யான ஆறுதலைக் கொடுத்து அனுப்புவது, கல்லைத் துணியில் சுற்றிச் சோறு என்று கொடுப்பதுபோல இருந்தது.

"அம்மா, இது அவரில்லீங்க. அவரு இப்படிச் சொல்லுவாருன்னு மெசின் நெனைக்குது, அவ்வளவுதான். நெசமா அவரு மனசுல என்னன்னு இதுக்குத் தெரியாது."

சிந்தாமணி அவளைப் பார்த்தார். "அவரக் கேட்டா என்ன சொல்லுவாருன்னு இதுலயே ஒருக்காக் கேட்டுப் பாத்துடலாங்களா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே புரிந்தது. டம்ளரை மேசையில் வைத்தார்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து வந்தார். நல்ல உயரம். கையில் மருந்துக் கடைப் பை. டீக்கடைக்காரர் கொடுத்தனுப்பிய தூக்கையும் வழியில் வாங்கி அவரே கொண்டுவந்திருந்தார்.

"டீ உங்களுக்காமா" என்று சம்பத்திடம் நீட்டினார். மனைவியைப் பார்த்தார். "மாத்தரை வாங்க மாடிக்கா வந்த? ஸ்கூட்டர் வெயில்ல நிக்குது."

"ஏனுங்க, வீட்ட விக்கறதுக்கு உங்களுக்கு மனசிருந்துச்சுங்களா?"

நாச்சிமுத்து சம்பத்தைப் பார்த்தார், வாசுகியைப் பார்த்தார். "வித்தாச்சு. இப்ப என்ன?"

"இருந்துச்சான்னு கேட்டேன்."

"இருந்துச்சு."

சிந்தாமணி மெதுவாகத் தலையை ஆட்டினார். கணினி தன் பாட்டுக்கு, "எனக்கென்ன புள்ள. உனக்கு அங்க புடிக்குதான்னு பாரு" என்றது. நாச்சிமுத்து திடுக்கிட்டு அதைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நீங்கதான்" என்றார் சிந்தாமணி.

"நான் எப்ப இப்படிப் பேசுனேன்?"

"ஒரு மாசமா பேசறீங்க. வீட்ல மட்டுந்தான் பேசறதில்ல."

சம்பத் டீயை டம்ளர்களில் ஊற்றி ஒன்றை அவர் கையில் கொடுத்தான். நாச்சிமுத்து குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு விக்கோணும்னு இருந்துச்சு?" என்றார் சிந்தாமணி.

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"மாடி ரூமு" என்றார் நாச்சிமுத்து.

சிந்தாமணி ஏதோ வேற்று வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோல வாசுகியிடம் சொன்னார். "எங்க பையனோட ரூமுங்க. ஜெகதீசுன்னு பேரு. அவன் போயி வருசமாச்சு."

"காலைல எந்திரிச்சா அந்தக் கதவு" என்றார் நாச்சிமுத்து, டீயைப் பார்த்தபடி. "மாடிக்குத் துணி காயப் போடப் போனா அந்தக் கதவு. என்னால முடியல புள்ள."

"அந்தக் கதவுக்காகத்தான் நான் அந்த வீட்ட உட்டு வரமாட்டேன்னு இருந்தேன்."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க கேக்கலியே."

"பச்சை வந்துச்சு" என்றார். ரசீதை நீட்டுகிறவர் போல இருந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லங்க."

"சொன்னா அழுவ."

"அழுதா என்னங்க. அழுதுட்டு சோறாக்குவேன்."

சம்பத் இழுத்துப் போட்ட நாற்காலியில் நாச்சிமுத்து உட்கார்ந்தார். கணினிக்குள் இரண்டு குரல்களும் நீ சொல்லு, நீங்க சொல்லுங்க என்று மரியாதை குறையாமல் பேசிக்கொண்டிருந்தன. சிந்தாமணி அதையே பார்த்தார்.

"இதுக்கு அவனத் தெரியாதுங்களா கண்ணு?"

சம்பத் விவரங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தான். "பிள்ளைகள் ஒண்ணுன்னு இருக்குதுங்கம்மா. கரூர்க்காரங்க மட்டும்."

"கேட்டிருந்தது அப்படி" என்றார் நாச்சிமுத்து. "பிள்ளைகள் எத்தனைன்னு கேட்டுட்டு, அடியில பொடி எழுத்துல போட்டிருந்துச்சு. இப்போது இருப்பவர்கள் மட்டும்னு. நான் என்ன பண்றது? ஒண்ணுன்னு போட்டேன்."

அந்தப் பொடி எழுத்தை எழுதியவள் வாசுகி. கணக்குப் போட அப்படித்தான் வேண்டியிருந்தது. எழுதிய அன்று அவளுக்கு அது ஒரு வரி. எங்கே வைத்தால் பக்கம் அழகாக இருக்கும் என்று மட்டும்தான் யோசித்தாள். இப்போது நெஞ்சுக்குள் எங்கோ ஓரிடம், வெகுநேரம் மடக்கி வைத்த கால்போலக் குத்தத் தொடங்கியது. அவள் அந்த வரியை அழித்தாள்.

"எத்தனைன்னு போடட்டுங்க?"

"ரெண்டு" என்றார் சிந்தாமணி. பிறகு கணவரைப் பார்த்தார். "ரெண்டுன்னு போடலாங்களா?"

அவர் தலையசைத்தார். வாசுகி இரண்டு என்று தட்டினாள்.

"நீங்க சொல்..." என்ற பெண் குரல் பாதியில் நின்றது. ஆண் குரல் வரவில்லை. பச்சை அணைந்தது. அந்த இடத்தில் வேறு எந்த நிறமும் வரவில்லை. எதுவும் எழுதியும் வரவில்லை.

"ஹேங் ஆயிருச்சுங்களா மேடம்?" என்றான் சம்பத்.

"இல்ல, ஓடுது. பையனப் பத்தி அவங்க ரெண்டு பேரும் இந்த மெசின் முன்னாடி ஒரு வார்த்தை பேசுனதில்ல. அதுக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அறையில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. டீ ஆறியது. வாசுகி ஒருவர் முகத்தையும் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதர்கள் பேசத் தொடங்குவதற்கு முன்னால் வரும் மௌனத்தைக் கலைக்காமல் இருப்பதும் ஒரு தர்மம் என்று அவளுக்குப் பட்டது.

சிந்தாமணிதான் முதலில் பேசினார். "ரூமுல அவன் சைக்கிள் நிக்குதுங்க. இன்னும் எறக்கல."

"தெரியும்."

"லாரில ஏத்தட்டுங்களா?"

நாச்சிமுத்து யோசித்தார். "லாரில போட்டாக் கோடு உழுந்துரும்."

"போர்வையச் சுத்திப் போடலாங்க."

"பீரோ வந்து இடிச்சா போர்வை என்ன பண்ணும்? வேண்டாம். நானே ஓட்டிட்டு வந்தர்றேன்."

"பெருந்துறைக்குங்களா? சைக்கிள்லயா? டயருல காத்தே இருக்காதுங்க."

"அடிச்சுக்கலாம்."

"முட்டி வலின்னு இப்பத்தான மாத்தரை வாங்கிட்டு வந்தீங்க."

"மெதுவா வர்றேன். விடியக் கெளம்புனா வெயிலுக்கு முன்னாடி வந்தர்லாம்."

சிந்தாமணி மடியில் இருந்த கைகளைப் பார்த்தார். அந்த இரண்டு பைகளைப் பற்றி வாசுகிக்குத் தெரியும், சம்பத்துக்கும் தெரியும்.

"அப்ப நான் எதுல வர்றது?" என்றார் சிந்தாமணி.

நாச்சிமுத்து டீயை ஒரே வாயில் குடித்து முடித்தார். "நீ லாரில டிரைவர் பக்கத்துல உக்காந்துக்க. வழியில என்னையப் பாத்தீன்னா நிறுத்தச் சொல்லி, கொஞ்சம் தண்ணி குடு."

சிந்தாமணி எழுந்தார். கணவர் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டார்.

"ஒரு பாட்டில் போதுங்களா?" என்று கேட்டார்.